கத்தரியை மறந்தவன் கோடரியைத் தேடுவான்

"பச்சை மரத்தில் கத்தி வைப்பது பாவம்" என்பது நம்மவர்களிடையே ஊறிப்போன எண்ணம். வீட்டு முற்றத்தில் ஒரு கொய்யாக் கன்றை நடுவார்கள். தண்ணீர் ஊற்றி ஆசையாக வளர்ப்பார்கள். அது பத்தடி, பதினைந்தடி, இருபதடி என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு சிம்பைக்கூடத் தொடமாட்டார்கள். எட்டாம் வருஷமோ பத்தாம் வருஷமோ கிளை மின்கம்பியில் உரசும். அல்லது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இலை கொட்டும். அல்லது தகரக் கூரையின் மேல் காய் விழுந்து இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். உடனே ஆளைக் கூப்பிட்டு, கூலி பேசி, அடிமரத்தோடு வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். கிளையை வெட்டினால் பாவம் என்று சொன்னவர்களே மரத்தை வெட்டிவிட்டு, "என்ன செய்வது, இடைஞ்சலாகப் போய்விட்டது" என்பார்கள்.

இதில் எது பாவம்?

பெங்களூரில் நம் மக்கள் நிறைய வாழும் அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம் பகுதிகளிலும், ரெயில்வே குவார்ட்டர்ஸ்களிலும் இந்தக் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. மரம் இருந்த இடத்தில் பிறகு சிமெண்டு போட்டுவிடுகிறார்கள். கேட்டால், "இந்தச் சின்ன இடத்துக்கு மரம் சரிப்படாது" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன இடத்துக்குப் பெரிய மரம்தான் சரிப்படாது. சின்ன மரம் நன்றாகவே சரிப்படும். ஆனால் எந்த மரமும் தானாகச் சின்னதாக இருந்துவிடாது. வருஷத்துக்கு ஒருமுறை நாம் கத்தரியை எடுத்தால்தான் அது நம் சொல் கேட்கும். கத்தரி எடுக்க மறந்தவன்தான் பின்னால் கோடரியைத் தேடுகிறான் என்பது என் கட்சி.

கவாத்து நமக்குப் புதிதா?

மரத்தின் கிளைகளை முறையாகக் குறைத்துவிடுவதற்குக் கவாத்து என்று பெயர். ரெயில்வேயிலும் போலீசிலும் கவாத்து என்றால் அணிவகுப்புப் பயிற்சி. மரத்துக்கும் அது ஒருவகைப் பயிற்சிதான். இது மேல்நாட்டார் சொல்லி நாம் கற்க வேண்டிய வித்தை அல்ல.

நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். இடுப்பு உயரத்தில் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருக்கிறதே தேயிலை, அது செடியே அல்ல, மரம். விட்டுவிட்டால் இரண்டு மாடி உயரத்துக்குப் போகும். சில வருஷங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதால்தான் பெண்கள் நின்றபடி கொழுந்து பறிக்க முடிகிறது. கோலார், ராமநகரம் பக்கம் பட்டுப்புழுவுக்காக மல்பெரி வளர்க்கிறார்கள். அதையும் வெட்ட வெட்டத்தான் புது இலை கிடைக்கிறது. பெங்களூரைச் சுற்றித் திராட்சைப் பந்தல் போட்டவர்கள் கவாத்து வெட்டாமல் ஒரு குலைகூட எடுப்பதில்லை. நம் ஊரில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கார்த்திகை மாதத்தில் செடியை முழங்காலுக்குச் சற்று மேலே விட்டு மட்டமாக வெட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் மொட்டு கொத்துக் கொத்தாக வருகிறது. முருங்கையை வெட்டிவிட்டு வளர்க்காத கிராமம் உண்டா?

மல்லிகையை வெட்டலாம், முருங்கையை வெட்டலாம், கொய்யாவை மட்டும் வெட்டக்கூடாது என்பது எந்த சாஸ்திரம்?

வெட்டினால் ஏன் காய்க்கிறது?

கொய்யாவின் பூ பழைய கட்டையில் வருவதில்லை. அந்தப் பருவத்தில் துளிர்த்த புதுக் கிளையின் இலைக் கக்கத்தில்தான் வருகிறது. நுனியை வெட்டினால் பக்கத்தில் இரண்டு மூன்று துளிர் கிளம்பும். ஒவ்வொரு துளிரிலும் பூ வர வாய்ப்பு உண்டு. வெட்டாமல் விட்ட மரத்தில் புதுத்துளிர் எல்லாம் உச்சிக்குப் போய்விடும். காயும் அங்கேதான். அதைப் பறிப்பவை கிளியும் வௌவாலும், கல்லெறிபவர்கள் பையன்கள், கண்ணாடி உடைவது பக்கத்து வீட்டில்.

இரண்டாவது காரணம் வெயில். நடுவில் அடர்ந்து நிழலில் கிடக்கும் கிளைகள் காய்ப்பதில்லை. சாரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். ஆபீசில் பெயர் பதிவேட்டில் இருந்துகொண்டு வேலைக்கு வராத ஆள் மாதிரிதான் அவை. அவற்றை நீக்கிவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே புகும். பூச்சியும் பூஞ்சணமும் குறையும்.

இது வீட்டுத் தோட்டத்துக் கற்பனை அல்ல. லக்னோவில் மத்திய அரசின் மிதவெப்ப மண்டலத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கொய்யாவை வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் இடைவெளியில் நட்டு, அடிக்கடி நுனி வெட்டிக் குட்டையாகவே வைத்து மகசூல் எடுக்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் 5,000 கன்றுகள்! அதாவது ஒரு கன்றுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடம். அந்த இடம்கூட இல்லாத வீடு நம்மில் எத்தனை பேருக்கு?

எந்த மரம், எவ்வளவு இடம்?

20-க்கு 30 அடி சைட்டில் வீடு கட்டியவர்களுக்கு வாசலில் ஒரு மூலை மிஞ்சினால் பெரிது. குவார்ட்டர்ஸ்காரர்களுக்குப் பின்கட்டில் கொஞ்சம் மண் இருக்கும். இரண்டுக்கும் பொருத்தமானவை கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சீத்தா ஆகிய நான்கும். பத்தடிச் சதுரம் இடம் இருந்தால் சப்போட்டாவோ குட்டை மாவோ வைக்கலாம்.

எதை வைத்தாலும் விதை போட்டு வளர்க்காதீர்கள். விதைக் கன்று காய்க்க அதிக வருஷம் பிடிக்கும். தாய்மரத்தின் குணமும் அப்படியே வராது. பதியம் போட்டதோ ஒட்டுக் கட்டியதோ வாங்குங்கள். பதியக் கொய்யா இரண்டாம் மூன்றாம் வருஷத்திலேயே காய்க்கும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'அர்கா மிருதுளா', 'அர்கா கிரண்' போன்ற கொய்யா ரகங்களைத் தந்திருக்கிறது. முன்னது மெத்தென்ற விதை உள்ளது. பல் இல்லாத பாட்டியும் சாப்பிடலாம். பின்னது உள்ளே சிவப்பு. மா வைக்க ஆசைப்படுபவர்கள் 'அம்ரபாலி' கேளுங்கள். வடநாட்டுத் தசேரியையும் நம் தென்னாட்டு நீலத்தையும் இனக்கலப்புச் செய்து, டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்டது. மரம் குட்டை, வருஷா வருஷம் காய்க்கும்.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் இருக்கட்டும். மேல்மண்ணோடு மக்கிய சாணி எருவைக் கலந்து மூடுங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி வையுங்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் போகும் பாதையில் வைக்காதீர்கள். மின்கம்பிக்கு நேர் கீழே எந்த மரமும் வேண்டாம்.

முதல் வெட்டுத்தான் முக்கியம்

மரத்தின் உருவம் முதல் இரண்டு வருஷத்தில் தீர்மானமாகிவிடுகிறது. கன்று நன்றாக வேர்பிடித்து இரண்டரை அடி உயர்ந்ததும் தலையைக் கிள்ளிவிட வேண்டும். இங்கேதான் பலருக்குக் கை நடுங்கும். நடுங்க வேண்டாம். தலையை வெட்டியதும் பக்கக் கிளைகள் கிளம்பும். அவற்றில் திசைக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள். அந்தக் கிளைகள் இரண்டடி வளர்ந்ததும் அவற்றின் நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு வருஷத்தில் மரம் கவிழ்க்காத குடை மாதிரி, நடுவில் திறந்து, நாலு பக்கமும் விரிந்து நிற்கும். நின்றபடி கையை உயர்த்தினால் உச்சிக் காய் எட்ட வேண்டும். அதுதான் வீட்டு மரத்துக்கு எல்லை.

முதல் வருஷம் வரும் பூவைக் கிள்ளிவிடுவது நல்லது. பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன் தலையில் சுமை ஏற்றக்கூடாது அல்லவா?

வருஷாந்தரக் கவாத்து

வளர்ந்த கொய்யாவுக்கு இரண்டு தவணை. பிப்ரவரி - மார்ச் ஒன்று. செப்டம்பர் - அக்டோபரில் மழை ஓய்ந்த ஒரு வெயில் நாளில் மற்றொன்று. காய்த்து முடிந்த கிளைகளின் நுனியில் நாலு முதல் ஆறு அங்குலம் வரை வெட்டினால் போதும். நேரே வானத்தைப் பார்த்து ஓடும் கிளை இருந்தால், அதை மெல்ல வளைத்துக் கயிற்றால் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். வளைந்த கிளையில் நெடுகத் துளிர் வந்து பூக்கும்.

எதை வெட்டுவது என்று குழம்புகிறவர்களுக்கு ஓர் ஒழுங்கு சொல்கிறேன். முதலில் காய்ந்த கிளை. அடுத்து நோய் கண்ட கிளை. அடுத்து ஒன்றோடு ஒன்று உரசும் கிளைகளில் மெலிந்தது. அடுத்து உள்நோக்கி வளரும் கிளை. கடைசியாக அடித்தண்டில், ஒட்டு முடிச்சுக்குக் கீழே கிளம்பும் போக்குக் கிளை. இந்தக் கடைசி வகையைச் சும்மா விடக்கூடாது. விட்டால் ஒட்டுக் கட்டிய நல்ல ரகம் மடிந்து, கீழே இருக்கும் காட்டு வேரின் கிளை மரமாகிவிடும். சப்போட்டாவைப் பாலை மரத்தின் வேரில்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் சப்போட்டா போய்ப் பாலை நிற்கும்.

மொத்தத்தில் ஒரு தவணையில் மரத்தின் கால் பாகத்துக்கு மேல் குறைக்காதீர்கள். பட்ஜெட்டில் வெட்டு விழுவது போல் ஒரேயடியாக வெட்டினால் மரம் தாங்காது.

அரிவாள் வேண்டவே வேண்டாம். அது கிளையைப் பிளந்து நாராக்கிவிடும். அந்தப் பிளவில் தண்ணீர் நின்று அழுகும். கடையில் கவாத்துக் கத்தரி கிடைக்கிறது. விரல் கனம் வரை அது போதும். அதற்கு மேல் சிறு ரம்பம். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கொஞ்சம் சாய்வாக வெட்டுங்கள். முழுக் கிளையையும் எடுப்பதானால் தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும். அந்த வளையத்தைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி அறுங்கள். மரம் அங்கிருந்துதான் புண்ணை மூடிக்கொள்கிறது. முளை நீட்டிக்கொண்டு நிற்கும்படி விடாதீர்கள். கனமான கிளையானால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை ஒடிந்து விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

பெரிய வெட்டுக்குப் போர்டோ பசை தடவுவது வழக்கம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு ஒன்றாகக் கலந்தால் பசை தயார். இரும்புப் பாத்திரம் உதவாது. பிளாஸ்டிக் வாளி அல்லது மண்சட்டி நல்லது. மயில்துத்தம் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நோய் கண்ட மரத்தை வெட்டிய கத்தரியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகே அடுத்த மரத்தைத் தொடுங்கள்.

எல்லா மரத்துக்கும் ஒரே சட்டம் அல்ல

கொய்யாவை வெட்டும் மாதிரி எல்லாவற்றையும் வெட்டினால் நஷ்டம்தான். மாமரத்தை அறுவடை முடிந்த கையோடு வெட்ட வேண்டும். மாம்பூ முற்றிய கிளையின் நுனியில் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் கத்தரியைத் தூக்கினால் அடுத்த வருஷப் பூவையே வெட்டி எறிந்ததாகும்.

எலுமிச்சைக்கு அதிகக் கவாத்து தேவையில்லை. காய்ந்த குச்சியும், அடியில் வரும் போக்குக் கிளையும் எடுத்தால் போதும். அதன் துளிரைத் தின்னும் ஒரு புழு உண்டு. சின்னதில் பறவை எச்சம் போலவே இருக்கும், ஏமாந்துவிடக்கூடாது. கறிவேப்பிலையையும் அதுவே தின்னும். நாலைந்து இருந்தால் கையால் எடுத்துப் போடலாம், மருந்து வேண்டாம்.

மாதுளையைத் தரையிலிருந்து மூன்று நான்கு தண்டாக விடுவது நல்லது. ஒரு தண்டு பட்டாலும் மற்றது நிற்கும். அதன் காய் முற்றிய கிளைகளில் உள்ள குட்டைக் கொம்புகளில் வருவதால் எல்லா நுனியையும் மொட்டையடிக்கக் கூடாது. காய் எலுமிச்சம்பழ அளவு வந்ததும் பழைய துணியில் பை தைத்துக் கட்டிவிட்டால் காய்ப்புழு நுழையாது. ஒரு வாரம் காயப்போட்டு மறுவாரம் குளிப்பாட்டினால் மாதுளை வெடிக்கும்; தண்ணீர் அளவாகவும் ஒழுங்காகவும் இருக்க வேண்டும்.

சீத்தா இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மாசி, பங்குனியில் வெட்ட வேண்டும். இதற்குத் தண்ணீர் குறைவு. ஆடு மாடும் வாய் வைக்காது. வேலி இல்லாத குடியிருப்புக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது.

"தண்ணீர் எங்கே?"

நியாயமான கேள்வி. 2024 மார்ச் மாதத் தண்ணீர்ப் பஞ்சத்தை யாரும் மறக்கவில்லை. குடிதண்ணீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அப்போது பெங்களூர்க் குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. ஆனால் கவாத்து செய்த சின்ன மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? இலை குறைந்தால் தேவையும் குறைகிறது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினிலிருந்து வீணாக வெளியேறும் தண்ணீர் இவற்றை ஒரு வாளியில் சேர்த்தாலே வேரூன்றிய ஒரு மரத்தின் கோடைக்கு உதவும். வெட்டிய இலை, குச்சிகளை நறுக்கி அடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். நோய்ப்பட்டதை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது.

"நாளைக்கு மாற்றல் வந்தால்?"

இதுதான் நம்மவர்கள் சொல்லும் பெரிய காரணம். "இது நம்ம ஊரா? இது நம்ம வீடா? இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ. நட்டு வளர்த்து எவனுக்கோ விட்டுவிட்டுப் போகவா?" என்கிறார்கள். ரிடையர் ஆனதும் ஊரில் மனை வாங்கித் தோட்டம் போடலாம் என்று இருபது, முப்பது வருஷத்தைக் கழித்துவிடுகிறார்கள். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். மரத்திலிருந்து பழம் பறித்துத் தின்னும் வயது அவர்களுக்குத் தாண்டிவிடுகிறது. ரிடையர் ஆனபின் அப்பா நடும் மரத்தில் ஏற எந்தப் பிள்ளை வரப்போகிறான்?

குமாஸ்தா என்ற முறையில் நான் கணக்குப் பார்க்கிறவன். ஒரு ஊரில் நாலு வருஷம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதியக் கொய்யா இரண்டாம் மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கிவிடும். ஆகவே நட்டவனுக்கும் பங்கு உண்டு. நூறு கிராம் கொய்யாவில் 'சி' வைட்டமின் 200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆரஞ்சில் அதில் கால் பங்குதான். நாம் கடன் வாங்கியாவது பிள்ளைக்கு வாங்கித் தரும் ஆப்பிளில் பத்து மில்லிகிராம்கூட இல்லை. முற்றத்தில் காய்ப்பதை விட்டுக் கடையில் விலைகொடுத்து வாங்குகிறோம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கும் வழி உண்டு. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பழைய 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் துளை போட்டு, எலுமிச்சையோ மாதுளையோ வையுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓரத்து வேரைக் கொஞ்சம் நறுக்கிப் புது மண் போட்டால் பல வருஷம் நிற்கும். வீடு மாறும்போது சாமான் வண்டியில் அதையும் ஏற்றிக்கொள்ளலாம்.

அப்படியே விட்டுப்போக நேர்ந்தாலும் என்ன கெட்டுவிட்டது? குவார்ட்டர்ஸில் குடியேறியவுடன் நாம் பறித்துத் தின்னும் பழம், நமக்கு முன் இருந்த யாரோ பெயர் தெரியாத ஒருவர் நட்டது. சாவியை ஒப்படைக்கும்போது வருகிறவரிடம், "இந்த மரத்தை மாசியில் வெட்டுங்கள், இந்தக் கிளையை வளரவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதும் சார்ஜ் ஒப்படைப்பில் ஒரு பகுதிதான்.

கொய்யாவே இந்த மண்ணில் பிறந்தது அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் மூலம் இங்கே வந்தது. நாடெங்கும் பேர்போன 'லக்னோ-49' ரகம் லக்னோவில் உருவானது அல்ல. பூனாவில் கணேஷ்கிண்ட் பழப்பண்ணையில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓர் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு இன்னோர் ஊரில் வளர்ந்து, போன இடமெல்லாம் காய்க்கிறது. அதற்குச் சொந்த ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை.

வேலிக்கு அப்பால்

மரத்தால் சண்டை வருவது கிளை சுவரைத் தாண்டும்போது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்ன பிறகு வெட்டினால் அது தோல்வி. சொல்வதற்கு முன் வெட்டினால் அது மரியாதை. கன்னடத்தில் கொய்யாவுக்கு சீபே என்று பெயர். முதல் ஈடு பழத்தில் நாலு எடுத்துக்கொண்டு போய், "சீபே ஹண்ணு" என்று கொடுத்துப் பாருங்கள். பத்து வருஷமாகப் பேசாத வீட்டிலும் வாசல் திறக்கும்.

பேசித்தான் ஆக வேண்டிய காரணமும் இருக்கிறது. கொய்யாவைக் கெடுக்கும் பழ ஈ சுவரைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. கீழே விழுந்த சொத்தைப் பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். நம் வீட்டில் மட்டும் செய்து பயன் இல்லை. இரண்டு வீட்டிலும் செய்தால்தான் இரண்டு வீட்டுக்கும் பழம்.

ஏற்கெனவே பெரிதாகிவிட்ட மரம் இருக்கிறதா? கோடரிக்காரனைக் கூப்பிடாதீர்கள். இரண்டு மூன்று வருஷமாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பெரிய கிளையாகக் குறைத்து இறக்குங்கள். வெயில் படாமல் இருந்த பட்டை திடீரென்று வெயிலில் வெந்துவிடாமல் தண்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். மின்கம்பியைத் தொடும் கிளையில் மட்டும் நீங்களே கை வைக்க வேண்டாம். மின்சார ஆபீசுக்குச் சொல்லுங்கள். தெருவோர மரம் நம் சொத்து அல்ல, அதையும் தொடக்கூடாது. முழு மரத்தையும் வெட்டுவதானால் கர்நாடகத்தில் 1976-ம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சில வகை மரங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றுக்கு மர அதிகாரியின் அனுமதி வேண்டும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அலைவதைவிட வருஷத்துக்கு அரை நாள் கத்தரி பிடிப்பது எளிது.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போகிறோம். ஆசைப்பட்டு ஒரு கன்று வாங்கி வருகிறோம். கன்றை விற்பவர் எப்படி நடுவது என்று சொல்கிறார். எப்படி வெட்டுவது என்று சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. அங்கேதான் குறை.

நம் தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கின்றன, நல்லதுதான். அதோடு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கவாத்து நாளாக வைத்தால் என்ன? பத்து வீட்டுக்கு ஒரு கத்தரியும் ஒரு சிறு ரம்பமும் போதும். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டால் வாங்கிவிடலாம். தெரிந்தவர் ஒருவர் ஒரு மரத்தை வெட்டிக் காட்டினால், மற்ற ஒன்பது பேருக்கும் கைப்பயம் போய்விடும். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும், ஊரில் மல்லிகைக் கொல்லை வைத்திருந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைவிட நல்ல ஆசிரியர் எங்கே கிடைப்பார்?

நண்பர்களே, அடுத்த முறை கன்று வாங்கும்போது அதே கையோடு ஒரு கத்தரியும் வாங்குங்கள். மரம் உங்கள் தலைக்கு மேல் போகும் முன் அதை எடுங்கள்.